தளர்ந்த இதயம்: ஒரு மருத்துவ வரலாறு

அறபு மொழியில் இதயத்தைக் 'கல்ப்' என்பர். திரும்புதல், புரளுதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. நம் இல்லங்களில் 'கல்பு' என்று சொல்லும்போது நாம் கருதுவது பெரும்பாலும் உள்ளத்தையே. மார்புக்கூட்டினுள் கைமுட்டியளவில் அமைந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை சுருங்கி விரியும் அந்தத் தசைப்பையை நாம் நினைத்துப் பார்ப்பது, அது தளரத் தொடங்கிய பின்னர்தான்.

அப்படித் தளர்ந்த நிலைக்கு மேனாட்டார் இட்ட பெயர் 'ஹார்ட் ஃபெயிலியர்'. நம்மவர் அதனை 'இதயச் செயலிழப்பு' என மொழிபெயர்த்தனர். மொழிபெயர்த்தவர்களின் நல்லெண்ணத்தை ஐயுறவில்லை. ஆயினும் அச்சொல் விளைத்திருக்கும் துன்பம் கொஞ்சமன்று. வீட்டுப் பெரியவருக்குச் 'செயலிழப்பு' என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த அன்றே, இதயம் நின்றுவிட்டது போலவும், எஞ்சியிருப்பது சில நாட்களே போலவும் குடும்பம் கலங்கிவிடுகிறது. வெளியூரிலிருக்கும் பிள்ளைகளுக்குத் தகவல் பறக்கிறது. உண்மையில் இந்நோயில் இதயம் நிற்பதில்லை, இயங்கிக்கொண்டேயிருக்கிறது. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைக்கும் வலிமை, அல்லது இறைப்பதற்கு முன் தளர்ந்து விரிந்து இரத்தத்தை ஏற்றுக்கொள்ளும் தன்மை, அதற்குக் குறைந்திருக்கிறது. இரத்தக்குழாய் அடைபட்டுத் தசை மடிவது மாரடைப்பு; துடிப்பு திடீரென நின்றுபோவது வேறொன்று. இவ்விரண்டோடும் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. மாரடைப்பு, நெடுங்காலம் கவனியாது விட்ட இரத்த அழுத்தம், வால்வுக் கோளாறு, தசையையே தாக்கும் நோய்கள் முதலியன பின்னாளில் இதயத்தைத் தளர்த்திவிடும் என்பது மெய். 'இதயத் தளர்ச்சி' என்று சொன்னால் பொருளும் பொருந்தும். அச்சமும் அளவோடு நிற்கும். இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆள்கிறேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எக்கோ பரிசோதனைத் தாளில் 'முப்பத்தைந்து சதவீதம்' என்றிருப்பதைக் கண்டு, பள்ளித் தேர்வின் மதிப்பெண் போல எண்ணி, நூற்றில் அறுபத்தைந்து பங்கு இதயம் போய்விட்டதாக வருந்துவோர் பலர். அந்த எண் குறிப்பது, இடப்பக்கக் கீழறையில் நிறைந்த இரத்தத்தில் ஒரு சுருக்கத்தில் எத்தனை பங்கு வெளியேறுகிறது என்பதை. நல்ல உடல்நலம் உள்ளவரின் இதயமும் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. ஐம்பத்தைந்து முதல் எழுபது சதவீதம் வரையே வெளியேற்றும். ஒலியலைகளைக் கொண்டு இதயத்தைக் காணும் இம்முறையை 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் தொடங்கிவைத்தனர். அதற்கு முன்னிருந்த மருத்துவர்க்கு வாய்த்த கருவிகள் பெரும்பாலும் காதும் விரலும் கண்ணும், பிற்காலத்தில் எக்ஸ்ரே முதலியனவுமே.

இந்நோயின் இரு பெரும் அறிகுறிகளை முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஒன்று, மூச்சுத் திணறல்: தலையணைமேல் தலையணை அடுக்கினாலன்றி உறங்க இயலாமை. மற்றொன்று, கால் வீக்கம்: விரலால் அழுத்தினால் குழி விழும். நுரையீரலிலும் காலிலும் தோன்றும் இவ்விரண்டும் ஒரே உறுப்பின் தளர்ச்சியினின்று வருவன என்பதை அறிய இரத்த ஓட்டத்தின் பாதை தெரிந்திருக்க வேண்டும். இங்குதான் மிஸ்ரு நாட்டின் கெய்ரோ நகரில் வாழ்ந்த ஓர் அறிஞர் நினைவுக்கு வருகிறார்.

அலாவுத்தீன் இப்னுந் நஃபீஸ் திமிஷ்கில் மருத்துவம் பயின்று கெய்ரோவில் பணியாற்றியவர். ஷாஃபிஈ சட்டத்துறையிலும் வல்லவர். ஹிஜ்ரீ 687, அதாவது கி.பி. 1288இல் மறைந்தபோது தம் இல்லத்தையும் நூலகத்தையும் மன்சூரி மருத்துவமனைக்கு உரிமையாக்கிச் சென்றார். இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிகளுக்கு 1242இல் அவர் எழுதிய விரிவுரையில் ஓரிடத்தில் கலேனையும் இப்னு ஸீனாவையும் துணிந்து மறுக்கிறார். இதயத்தின் வலக் கீழறைக்கும் இடக் கீழறைக்கும் நடுவிலுள்ள சுவரில் நுண்துளைகள் உள்ளன என்றும், அவற்றின் வழியே இரத்தம் கடக்கிறது என்றும் கலேன் காலந்தொட்டு நம்பிவந்தனர். அப்படிப்பட்ட துளை, கண்ணுக்குத் தெரிவதும் இல்லை, தெரியாததும் இல்லை என்று இப்னுந் நஃபீஸ் எழுதினார். வலப்பக்கத்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பின்னரே இடப்பக்கம் வந்தாக வேண்டும் என்பது அவர் முடிவு.

இந்நூற்பகுதி நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. ஐரோப்பாவில் 1553இல் செர்வேட்டஸும் 1559இல் கொலம்போவும் இதே நுரையீரல் பாதையைச் சொன்னார்கள். 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி உடல் முழுவதற்குமான சுற்றோட்டத்தை நிறுவினார். 1924இல்தான் முஹ்யித்தீன் அத்ததாவீ என்ற எகிப்திய இளம் மருத்துவர் பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் படியை ஆராய்ந்து, இப்னுந் நஃபீஸின் கூற்றை உலகறியச் செய்தார். நம்மவர் எல்லாவற்றையும் முன்பே கண்டுபிடித்துவிட்டனர் என்று மேடைதோறும் முழங்குவது எனக்கு உடன்பாடன்று. இப்னுந் நஃபீஸ் முழுச் சுற்றோட்டத்தைக் கூறினாரில்லை. இதயத் தளர்ச்சிக்கு மருந்தும் கண்டாரில்லை. அவர் கண்டது நுரையீரலுக்கும் இடப்பக்க இதயத்துக்கும் இடையேயுள்ள வழி. அவ்வழியை அறிந்தவர்க்கே, இடப்பக்கம் தளர்ந்தால் இரத்தம் பின்தங்கி நுரையீரலில் நீர் கோப்பதும், வலப்பக்கம் தளர்ந்தால் கால்களிலும் வயிற்றிலும் நீர் சேர்வதும் விளங்கும். அந்த அளவில் அவர் பங்கு பெரிது. அதற்குமேல் ஏற்றிச் சொல்வது அவருக்கே இழுக்கு.

பாதை தெரிந்த பின்னும் மருந்து கிடைக்கவில்லை. இரத்தம் வடித்தல், பேதிக்குக் கொடுத்தல் என்றே சிகிச்சை நடந்துவந்தது. முதல் திருப்பம் 1775இல் இங்கிலாந்தில் நேர்ந்தது. வில்லியம் வித்தரிங் என்ற மருத்துவரிடம், நீர்வீக்கத்துக்கான ஒரு குடும்பக் கைம்மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டனர். ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி இரகசியமாகக் காத்துவந்த மருந்து அது. பெரிய மருத்துவர்கள் கைவிட்ட சிலரை அவர் குணப்படுத்தியதாகப் பேச்சிருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் அதில் இருந்தன. தாவரவியலில் தேர்ந்த வித்தரிங், அவற்றுள் வேலை செய்யும் மூலிகை ஃபாக்ஸ்கிளவ் ஒன்றே எனக் கண்டறிந்தார். அம்மூதாட்டியின் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை. பிற்காலத்தில் வழங்கும் 'ஹட்டன் கிழவி' என்ற பெயர், 1928இல் ஒரு மருந்து நிறுவனத்தின் விளம்பர ஓவியத்தோடு பிறந்த கற்பனை. பெயரில்லாத அந்தப் பெண்ணுக்கு வரலாறு பட்ட கடன் இன்னும் தீரவில்லை.

வித்தரிங் செய்த வேலை மூலிகையை இனங்கண்டதோடு முடியவில்லை. அது நஞ்சு. சிறிது கூடினால் வாந்தி, கண்மயக்கம், நாடி தாழ்தல், இறுதியில் மரணம். ஆகவே இலையை எப்பருவத்தில் பறிப்பது, எப்படி உலர்த்திப் பொடிப்பது, எத்தனை சிறிய அளவில் தொடங்குவது, எந்த அறிகுறி கண்டதும் நிறுத்துவது என்று பத்தாண்டுகள் பொறுமையாகக் கணித்தார். ஏழை நோயாளிகள் பலருக்குக் காசு வாங்காமல் மருத்துவம் பார்த்தவர் அவர். 1785இல் வெளியிட்ட நூலில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் வரலாற்றை, தேறியவர், தேறாதவர் இருவரையும் மறைக்காமல் தந்தார். வெற்றிகளை மட்டும் பொறுக்கி எழுதியிருந்தால் தம் புகழ் கூடியிருக்கும் என்பதையும் அவரே குறிப்பிடுகிறார். மருத்துவ நூல்களில் இத்தகைய நேர்மை அந்நாளில் அரிது. எந்நாளிலும் மலிவாகக் கிடைப்பதன்று.

அம்மருந்து சிறுநீரைப் பெருக்குவது என்றே வித்தரிங் கருதினார். ஆயினும் இதயத்தின் இயக்கத்தின்மீது அதற்கொரு தனி ஆற்றல் உண்டு என்பதையும் கண்டு எழுதினார். அவருக்குப் பின்வந்தோர் அவருடைய எச்சரிக்கையை மறந்து, கண்ட நோய்க்கெல்லாம் மிகுதியாகக் கொடுத்து மருந்தின் பெயரைக் கெடுத்தனர். அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியிலிருந்து 1930இல் பிரித்தெடுத்த டிகாக்ஸின் இன்றும் மருந்துக் கடைகளில் உள்ளது. 1997இல் வெளியான, 6,800 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வு, டிகாக்ஸின் ஆயுளை நீட்டவில்லை, ஆனால் தளர்ச்சி முற்றி மருத்துவமனையில் சேரும் நிலையைக் குறைத்தது என்று காட்டியது. இருநூறு ஆண்டுக் கேள்விக்குக் கிடைத்த விடை அது.

இடைக்காலத்துச் செய்திகளை விரைந்து கடக்கலாம். 1877இல் ரெஜினால்ட் சௌதி என்பவர் வீங்கிய காலில் நுண்குழாய்களைச் செருகி நீரைச் சொட்டுச் சொட்டாக வடித்தார். 1919இல் வியன்னா நகரில், மேகநோய்க்குப் போட்ட பாதரச ஊசி சிறுநீரை வெள்ளம்போல் பெருக்கியதை ஆல்ஃபிரட் ஃபோகல் என்ற மருத்துவ மாணவர் தற்செயலாகக் கண்டார். முப்பது நாற்பது ஆண்டுகள் அந்த ஊசியே நோயாளிகளின் நீரை வடித்தது. 1950களின் இறுதியில் தயசைடு வகை மாத்திரைகளும், 1960களில் ஃபுரோஸெமைடும் வந்து பாதரசத்தை விடைகொடுத்து அனுப்பின. நம் வீடுகளில் 'தண்ணி மாத்திரை' என்று சொல்வது இவற்றைத்தான். மூச்சுத் திணறிப் படுத்தவரை ஒரே இரவில் எழுந்து உட்காரச் செய்யும் மருந்து. அதன் அருமை அதனை விழுங்கியவர்க்குத் தெரியும். ஆனால் தேங்கிய நீரை அது வடித்ததேயன்றித் தளர்ந்த தசையை மாற்றவில்லை.

மற்றொரு சிகிச்சை படுக்கை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஜார்ஜ் பர்ச் 1960களில் பருத்த இதயம் உடையவர்களை மாதக்கணக்கில், சிலரை ஓராண்டு வரையும், கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் வைத்தார். சிலருக்கு இதயத்தின் பருமன் உண்மையாகவே குறைந்தது. ஆனால் கை கால் சூம்பின. நெடுநாள் அசையாத கால்களில் இரத்தம் உறையும் ஆபத்தும் இருந்தது. சுமை குறைந்தால் இதயம் தேறக்கூடும் என்ற உண்மை அந்தக் கட்டில்களில் ஒளிந்திருந்தது. அதை எடுத்துக்கொள்ளும் வழிதான் கடுமையாக இருந்தது.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர்மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தவர்கள் 1971இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். இதயத் தளர்ச்சி தொடங்கிய ஐந்தாண்டுக்குள் ஆண்களில் நூற்றுக்கு 62 பேரும் பெண்களில் 42 பேரும் இறந்தனர். டிஜிட்டாலிஸும் தண்ணி மாத்திரையும் கைக்கு வந்த பிறகும் நிலைமை அதுதான். 'செயலிழப்பு' என்ற சொல்லுக்குரிய அச்சம் அந்தக் காலத்துக்கு உரியது.

ஏன் மருந்துகள் தோற்றன? மருத்துவர்கள் இதயத்தை வெறும் இறைப்பு எந்திரமாகக் கண்டனர். எந்திரம் மெலிந்தால் முடுக்க வேண்டும். இது அவர்கள் கணக்கு. உடலும் அதே தவற்றைத்தான் செய்கிறது. இதயம் குறைவாக இறைத்தால், சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைகிறது. எங்கோ காயம்பட்டு இரத்தம் கொட்டுகிறது என்றே உடல் எண்ணிக்கொள்கிறது. உடனே உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது, இரத்தக்குழாய்களை இறுக்குகிறது, அட்ரினலின் போன்ற சுரப்புகளைப் பாய்ச்சி இதயத்தை விரட்டுகிறது. வெட்டுக்காயம் பட்டவனுக்கு ஓரிரு நாள் உயிர்காக்கும் ஏற்பாடு இது. தளர்ந்த இதயத்துக்கோ இதுவே மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. ஏறமாட்டாத மேட்டில் பாரவண்டி இழுக்கும் மாட்டைத் தார்க்கோலால் குத்திக்கொண்டே, வண்டியில் மேலும் இரண்டு மூட்டை ஏற்றினால் என்ன ஆகும்? மாடு சில அடி விரைந்து நடக்கும், பிறகு விழும். அறை விரிகிறது, தசை மெலிகிறது, அதன் வடிவமே உருண்டை ஆகிவிடுகிறது.

மருத்துவரின் தார்க்கோலும் இதற்கு விலக்கன்று. இதயத்தின் சுருக்கத்தை வலுப்படுத்தும் மில்ரினோன் என்ற மருந்தை 1,088 நோயாளிகளிடம் சோதித்தனர். முடிவு 1991இல் வெளியாயிற்று. மருந்து உண்டவர்களிடையே இறப்பு 28 சதவீதம் மிகுந்திருந்தது.

மாற்று வழி இரு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சு. ஜராராக்கா என்னும் அப்பாம்பு தீண்டியவரின் இரத்த அழுத்தம் சரிந்துவிடும். அந்நஞ்சிலுள்ள ஒரு பொருளை 1965இல் செர்ஜியோ ஃபெரேரா எடுத்துக் காட்டினார். இரத்தக்குழாய்களை இறுக்கும் சுரப்பை அது தடுக்கிறது என்று பின்னர்த் தெளிந்தது. அதைப் பின்பற்றி அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெட்டி என்ற இருவர் காப்டோப்ரில் மாத்திரையை உருவாக்கினர். 1981இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதன் இனத்தைச் சேர்ந்த எனலாப்ரிலை, படுத்த படுக்கையாகிவிட்ட 253 நோயாளிகளுக்குச் சுவீடன், நார்வே, ஃபின்லாந்து நாடுகளில் கொடுத்துப் பார்த்தனர். ஆறு மாதத்தில், வெறும் மாத்திரை உண்டோரில் நூற்றுக்கு 44 பேர் இறந்தனர். எனலாப்ரில் உண்டோரில் 26 பேர். வேற்றுமை அத்துணைத் தெளிவாக இருந்தமையால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினர். 1987இல் இது வெளியானபோதுதான், வண்டியின் மூட்டையை இறக்குவதால் மாடு பிழைக்கும் என்பதற்குத் தக்க சான்று கிடைத்தது.

மற்றத் திசை இன்னும் வியப்பானது. அட்ரினலினின் தாக்கத்தைத் தடுக்கும் பீட்டா தடுப்பு மருந்துகளை 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கினார். மார்வலிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அவை பயன்பட்டன. துடிப்பை மெதுவாக்கி, சுருக்கத்தின் வேகத்தையும் குறைப்பவை அவை. எனவே இதயம் தளர்ந்தவருக்கு இவற்றை ஒருபோதும் கொடுக்கலாகாது என்று பாடநூல்கள் எச்சரித்தன. மாணவர்கள் மனப்பாடம் செய்தனர். சுவீடனின் கோதென்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் அவருடைய தோழர்களும் வேறுவிதமாக எண்ணினர். இளைத்த இதயம் ஓய்விலும் ஓடிக்கொண்டேயிருப்பதுதான் கேடு என்றால், அந்த ஓட்டத்தை ஏன் நிறுத்திப் பார்க்கலாகாது? தசைநோயால் இதயம் பருத்து, துடிப்பு விரைந்திருந்த ஏழு பேருக்கு மிகச் சிறிய அளவில் இம்மருந்தைக் கொடுத்தனர். மாதங்கள் சென்றன. நோயாளிகள் முன்னினும் மிகுதியாக நடந்தனர். இதயத்தின் பருமன் குறைந்தது. 1975இல் அவர்கள் இதை வெளியிட்டபோது உலகம் நம்பவில்லை. ஏழே பேர்; ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை; பாடநூலுக்கோ நேர்மாறு. நம்பாதவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம்பாமலேயே இருபது ஆண்டுகள் கழிந்தன என்பதுதான் வருத்தம். கோதென்பர்க் குழுவினர் 1980இல், மருந்தை நிறுத்தினால் இதயம் மீண்டும் தளர்கிறது என்பதையும் காட்டினர். அதற்கும் பெரிய வரவேற்பில்லை.

இறுதியில் 1999இல் இரண்டு பெரும் ஆய்வுகளின் முடிவுகள் வெளியாயின. ஒன்று பைசோப்ரோலாலைப் பற்றியது, 2,647 பேர். மற்றொன்று மெட்டோப்ரோலாலைப் பற்றியது, 3,991 பேர். இரண்டிலும் இறப்பு 34 சதவீதம் குறைந்தது. விலக்கப்பட்ட மருந்து தலையாய மருந்தாயிற்று. ஒரு நுட்பம் மட்டும் மாறவில்லை: மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் காத்திருந்து, படிப்படியாகவே கூட்ட வேண்டும். முதல் சில வாரங்களில் சோர்வு கூடுவதுபோலவும் தோன்றலாம். வித்தரிங் வாழ்ந்த காலத்தில் போலவே இப்போதும் பொறுமைதான் மருந்தைக் காப்பாற்றியது.

பின்னர் வந்தவை இந்த வழியில் நடந்தவையே. அதே 1999இல் ஸ்பைரனோலாக்டோன் என்ற பழைய மாத்திரை, கடுந்தளர்ச்சி உற்றோரின் இறப்பை 30 சதவீதம் குறைப்பதாகத் தெரிந்தது. 2014இல் சகுபிட்ரிலும் வல்சார்ட்டனும் சேர்ந்த கூட்டு மருந்து எனலாப்ரிலை வென்றது. 2019இல், நீரிழிவுக்கென வந்த டாபக்லிஃப்ளோசின், நீரிழிவு இல்லாதவரின் தளர்ந்த இதயத்துக்கும் உதவுவதாகக் கண்டனர். சுருங்கும் வலிமை குறைந்தவர்க்கு இந்நான்கு வகை மருந்துகளையும் சேர்த்தே கொடுப்பது இன்றைய முறை. விரியும் தன்மை மட்டும் குறைந்தவர்க்குப் பழைய மருந்துகள் அத்துணைப் பயன் தரவில்லை. கடைசியாகச் சொன்ன வகையே அவர்களுக்கும் பெரிதும் கைகொடுக்கிறது.

இவற்றால் இதயம் எந்த அளவு மீளும்? சிலருக்கு அறை சுருங்கி, பழைய வடிவுக்கே திரும்புகிறது. முப்பது என்றிருந்த எண் ஐம்பதைத் தாண்டுவதும் உண்டு. மாரடைப்பால் பெரும்பகுதி தழும்பாகிவிட்டவர்க்கு அவ்வளவு மீட்சி கிட்டுவது அரிது. அவர்க்கும் மூச்சு எளிதாகி ஆயுள் நீள்கிறது. இம்மீட்சியின் எல்லையைத் தொட்டுப் பார்த்தவர் எகிப்து மண்ணில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் மக்தி யாகூப். நோய் முற்றிய இதயத்தின் பக்கத்தில் ஓர் இறைப்பு எந்திரத்தைப் பொருத்தி, அதன் சுமையை எந்திரத்திடம் ஒப்படைத்து, கூடவே மருந்துகளையும் முழு அளவில் கொடுத்தார். 2006இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், 15 பேருள் 11 பேருக்கு எந்திரத்தையே கழற்றிவிடும் அளவுக்கு இதயம் தேறியிருந்தது. மாற்று இதயம் ஒன்றே கதி என்றிருந்தவர்கள் தத்தம் இதயத்தோடு வீடு திரும்பினர். பின்னாளில் அஸ்வான் நகரில் அவர் நிறுவிய இதய மருத்துவமனை ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை தந்து வருகிறது.

மருந்துக்கு அப்பாற்பட்ட வாழ்க்கைமுறையும் இதே காலத்தில் மாறியது. பர்ச்சின் கட்டில் போய், நடை வந்தது. நோய் தணிந்து நிலைத்திருப்பவர்கள் ஒழுங்காக உடற்பயிற்சி செய்வது தீங்கற்றது என்பதையும், வாழ்வின் தரம் சிறிதேனும் உயர்கிறது என்பதையும் 2009இல் வெளியான, 2,331 பேரைக் கொண்ட ஆய்வு உறுதிப்படுத்தியது. பேச்சுக்கு மூச்சு மிஞ்சும் அளவில் நடந்தால் போதும். 'அத்தா, நீங்கள் அசையாதீர்கள்' என்று பெரியவரை நாற்காலியிலேயே வைத்திருப்பது அன்புதான். ஆனால் அது 1960களின் அன்பு.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். உப்பை அடியோடு ஒதுக்கச் சொல்வது பழைய வழக்கம். 2022இல் வெளியான ஆய்வொன்றில் மிகக் கடுமையான உப்புக் கட்டுப்பாடு இறப்பையோ மருத்துவமனைச் சேர்க்கையையோ குறைக்கவில்லை. இதைக் கேட்டு மகிழ்ந்து ஊறுகாய்ச் சாடியைத் திறந்துவிட வேண்டா. அந்த ஆய்வில் பங்குபெற்றோர் தொடக்கத்திலேயே அளவோடு உண்டவர்கள். கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் ஒரே இலையில் கூடும் நம் விருந்துகள் அந்தக் கணக்கில் வாரா. சமையலில் மிதமான உப்பு, இலையில் தனி உப்பு இல்லை என்ற அளவில் நின்றால் நோயாளிக்கு உணவும் இறங்கும், நீரும் தேங்காது.

காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன், நாள்தோறும் எடை பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவது மிக மலிவான காவல். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோவுக்குமேல் கூடினால் அது சதையன்று, நீர்; மூச்சுத் திணறும்வரை காத்திராமல் மருத்துவரை அணுக வேண்டும். மூட்டுவலிக்கெனக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளிற் பல உப்பையும் நீரையும் பிடித்து வைப்பவை. தேறிவந்தவரைத் திரும்ப மருத்துவமனையில் சேர்ப்பவை அவையே எனில் மிகையாகாது.

ரமளான் நோன்பைப் பற்றி இல்லந்தோறும் வினா எழும். நோயாளிக்கு மார்க்கம் தெளிவாகச் சலுகை அளித்திருக்கிறது. நோய் நன்கு கட்டுப்பட்டிருப்பவர், மருந்து வேளைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள இயலுமா, தண்ணி மாத்திரையின் அளவைத் திருத்த வேண்டுமா என்று ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அண்மையில் மருத்துவமனையிலிருந்து திரும்பியவரும், மூச்சுத் திணறல் மாறாதவரும் இதனைத் துணிவதற்கில்லை.

இனி, தேறியவர் கேட்கும் கடைசிக் கேள்வி. எண் ஐம்பதைத் தாண்டிவிட்டது, வீக்கமில்லை, திணறலில்லை, மாத்திரைகளை நிறுத்திவிடலாமா? கோதென்பர்க் குழுவினர் 1980இல் கண்ட விடையை, இலண்டன் மருத்துவர்கள் இன்னும் துல்லியமாகச் சோதித்து 2018இன் இறுதியில் வெளியிட்டனர். தசைநோயால் தளர்ந்து, மருந்தால் முற்றிலும் தேறிய 51 பேரை அவர்கள் தேர்ந்தனர். 26 பேர் மருந்தைத் தொடர்ந்தனர். 25 பேருக்கு மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. ஆறு மாதத்துக்குள், நிறுத்தியவருள் 11 பேருக்கு இதயம் மீண்டும் தளர்ந்தது. தொடர்ந்தவருள் ஒருவருக்கும் தளரவில்லை. உயிர்ச்சேதம் எதுவும் நேரவில்லை. மருந்தை மறுபடி தொடங்கியதும் பெரும்பாலோர் தேறினர். அவர்கள் அடைந்திருந்தது நிலையான குணமன்று, நோயின் தணிவே என்று அம்மருத்துவர்கள் எழுதினர்.